கட்சிக் கொள்கை எப்படி மாறுகிறது? பாண்டி, கடலூர்க் கதைகளை வைத்து ஒரு விளக்கம்

என் அக்கா மகளுக்கு இப்போதுதான் வாக்காளர் அட்டை கைக்கு வந்திருக்கிறது. பாண்டி பீச் ரோட்டில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்: "மாமா, ஒவ்வொரு கட்சியும் அப்ப சொன்னது ஒண்ணு, இப்ப சொல்றது ஒண்ணா இருக்கு. அப்புறம் எதைப் பார்த்து ஓட்டுப் போடறது?" முதல் முறை ஓட்டுப் போடப்போகும் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். அரசியல்னா அப்படித்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் அதோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. கட்சிகள் மாறுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் அவை புரியக்கூடியவைதான், புரிந்துவிட்டால் ஓட்டுப் போடுகிற விதமே மாறிவிடும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் உட்கார்ந்திருந்த சாலையிலிருந்தே தொடங்கலாம். ஊரே பீச் ரோடு என்கிறது, முறையான பெயர் குபேர் சாலை. பெரிய மார்க்கெட்டின் பெயரும் குபேர் அங்காடிதான். இந்த எதுவார் குபேர், 1947-இல் உருவான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் முக்கியத் தலைவர். அப்போது இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, பாண்டி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் இன்னும் பிரான்ஸ் கையில்தான் இருந்தன, அந்தக் கட்சி பிரான்ஸோடு இருப்பதையே விரும்பியது. 1951-இல் குபேர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகவும் போனார். மூன்றே வருஷம். 1954 மார்ச்சில் அதே குபேரும் அவர் கட்சியைச் சேர்ந்த கொம்யூன் (பிரெஞ்சுக்கால உள்ளாட்சி வட்டாரம்) மேயர்களும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள், நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றித் தற்காலிக அரசு ஒன்றையும் அறிவித்தார்கள். அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில் 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராகப் பதவியேற்றவரும் குபேர்தான், இந்த முறை காங்கிரஸ்காரராக.

இதைக் கேட்டதும் "பச்சோந்தி" என்று சொல்லிவிடத் தோன்றும், அவளும் அதையே சொன்னாள். சரி, திட்டிவிட்டோம், ஆனால் ஏன் 1951-இல் மாறாமல் 1954-இல் மாறினார் என்பதற்கு அந்த வசவில் பதில் கிடையாது. அந்த மூன்று வருஷத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்தோசீனாவில் பிரான்ஸின் கை தளர்ந்துகொண்டே வந்தது. இந்திய அரசு எல்லையில் போக்குவரத்தையும் சரக்கையும் இறுக்கியது. பாண்டியின் கொம்யூன்கள் ஒரே துண்டாக இல்லை, நடுவில் நடுவில் இந்தியக் கிராமங்கள், ஒரு ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போக இந்திய மண்ணைத் தாண்ட வேண்டும். கெடுபிடி இறுகினால் முதலில் தவிப்பது அந்தக் கிராமத்து ஆட்கள், அவர்கள் முதலில் போய் நிற்பது அவர்கள் ஊர் மேயர் வாசலில், மேயர்கள் போய் நிற்பது கட்சித் தலைவர் வாசலில். குபேர் உண்மையிலேயே மனம் மாறினாரா, காற்று வீசும் பக்கம் பார்த்து நகர்ந்தாரா என்று இன்றைக்கும் ஊரில் இரண்டு விதமாகவும் பேசுவார்கள். அவர் மனசுக்குள் என்ன இருந்திருந்தாலும், பதில் சொல்ல வேண்டிய ஆட்களின் நிலைமை மாறியபோது அவருடைய கட்சி மாறியது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதைகள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

மேலே போவதற்கு முன்னால் ஒரு வார்த்தைச் சிக்கலைத் தீர்த்துவிடலாம். தமிழில் நாம் எல்லாவற்றையும் "கொள்கை" என்று சொல்லிவிடுகிறோம். கட்சி எதை உயர்வாக மதிக்கிறது என்பதும் கொள்கை, இப்போதைக்கு என்ன கேட்கிறது என்பதும் கொள்கை, யாரோடு கூட்டணி என்பதும் மேடையில் பேசும்போது கொள்கைதான். உண்மையில் இவை மூன்று தனித்தனி அடுக்குகள். அடியில் இருப்பது மதிப்பு, அதாவது விழுமியம். அதன் மேல் கோரிக்கை. அதற்கும் மேல் கூட்டணி, தொகுதி உடன்பாடு இத்யாதி. மேலடுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாறும், நடு அடுக்கு பத்து இருபது வருஷத்தில் மாறும், அடி அடுக்கு மாற ஒரு தலைமுறை ஆகும். மேலடுக்கு மாறியதைப் பார்த்து அடியே போய்விட்டது என்று நினைப்பது ஒரு தப்பு. மேலே கொடி அதேதான் பறக்கிறது, அடியும் அப்படியே இருக்கும் என்று நினைப்பது இன்னொரு தப்பு, இரண்டில் இதுதான் அதிகம் நடக்கிறது.

திமுகவை எடுத்துக்கொண்டால் இந்த அடுக்குகள் தெளிவாகத் தெரியும். 1949 செப்டம்பர் 17-இல் சென்னையில் தொடங்கியபோது அதன் கையில் திராவிட நாடு கோரிக்கை இருந்தது, பெரியாரிடம் கற்ற கடவுள் மறுப்பு இருந்தது, தேர்தலில் நிற்கும் எண்ணம் மட்டும் இல்லை. 1956-இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்தவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள், நிற்கலாம் என்று முடிவானது. என்னைக் கேட்டால் பாதி மாற்றம் அந்த ஒரு நாளில் நடந்துவிட்டது. சங்கமாக இருக்கும்வரை உறுப்பினர்களுக்குப் பதில் சொன்னால் போதும். தேர்தலில் நின்றால் கோயிலுக்குப் போகிற அம்மாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். "ஒன்றே குலம் ஒருவனே தேவன்" என்ற திருமூலர் வாக்கை அண்ணா எடுத்துக்கொண்டது கட்சியை அந்த அம்மாவின் வீட்டு வாசல்வரை கொண்டுபோனது. சாதி கூடாது என்ற மதிப்பு அதில் அப்படியே இருந்தது, கடவுள் இல்லை என்பது மட்டும் ஓரமாக நகர்ந்துகொண்டது.

அப்புறம் திராவிட நாடு. 1962-இல் மாநிலங்களவையில் அண்ணா அதைக் கேட்டுப் பேசினார். அதே வருஷம் சீனப் போர் வந்தது. 1963-இல் அரசியல் சட்டத்தின் 16-ஆவது திருத்தம் வந்து, நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் வேட்பாளராகவே நிற்க முடியாது என்றாகிவிட்டது. கட்சி கோரிக்கையைக் கைவிட்டது, ஆனால் அதைக் கேட்டதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணா சொன்னார். சமாளிப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும். நான் அதற்குப் பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கிறேன். 1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது, எங்கள் கடலூர் பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1968-இல் இருமொழிக் கொள்கை. 1974-இல் மாநில சுயாட்சித் தீர்மானம். தனி நாடு என்ற கோரிக்கை செத்துப்போனது, டெல்லி நம் தலைமேல் உட்காரக் கூடாது என்ற மதிப்பு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. 1963-இல் மாறியது நடு அடுக்கு மட்டும்தான்.

மேலடுக்கு மாறியதற்கும் இதே கட்சியில் உதாரணம் இருக்கிறது. 1953-இல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லித் தெருவில் இறங்கி எதிர்த்தவர்கள், 1967-இல் அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு கூட்டணி வைத்துத்தான் காங்கிரஸைத் தோற்கடித்தார்கள். அந்தத் தேர்தலில் அரிசி பற்றி ஒரு வாக்குறுதி உண்டு, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று. ஒரு கட்சி ஆட்சிக்கு வரும் நேரத்தில் தன் மதிப்பையும் தன் கையிருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்ன வாக்கியம் அது. ஆட்சி என்று வந்துவிட்டால் மூன்று படிக்கும் ஒரு படிக்கும் நடுவில்தான் எல்லாக் கட்சியும் நிற்க வேண்டியிருக்கிறது.

இனி கடலூர். என் தாத்தா நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு வெட்டிச் சர்க்கரை ஆலைக்கு வண்டி ஓட்டியவர். 1952-இல் அவர் ஓட்டுப் போட்டது தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு, எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியார் தொடங்கியது. வன்னிய மக்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் பங்கு வேண்டும் என்பதுதான் அதன் உயிர்மூச்சு. அந்தத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 தான் பிடித்தது, பெரும்பான்மை இல்லை, அதனால் 19 இடம் பிடித்திருந்த இந்தச் சின்னக் கட்சிக்குப் பெரிய மதிப்பு வந்தது. 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது படையாட்சியார் அமைச்சரானார், கட்சி காங்கிரஸில் கரைந்துபோனது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவருக்கு இப்போது மணிமண்டபம் இருக்கிறது, 2019-இல் திறந்தார்கள், திறந்தது அதிமுக அரசு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் யோசிப்பேன், அந்தக் கட்சி வென்றதா தோற்றதா என்று. தலைவருக்கு அமைச்சர் பதவி கிடைத்தது. கேட்டது முழுசாகக் கிடைத்திருந்தால் முப்பது வருஷம் கழித்து அதே கேள்வி மறுபடி தெருவுக்கு வந்திருக்காது.

ஆனால் வந்தது. 1980-இல் வன்னியர் சங்கம், 1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலை மறியல், இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனி ஒதுக்கீடு வந்தது, அதே வருஷம் ஜூலையில் பாட்டாளி மக்கள் கட்சி பிறந்தது. கோரிக்கை கையில் கிடைத்த வருஷமே பிறந்த கட்சி. இனிமேல் எதைக் கேட்பது? ஒரே கோரிக்கையோடு பிறந்த எந்தக் கட்சியும் வெற்றிக்குப் பிறகு இந்த இடத்தில் வந்து நின்றே ஆக வேண்டும். பாமக தன் வட்டத்தை அகலமாக்கியது, மது ஒழிப்பு, தமிழ், விவசாயம், புகையிலை எதிர்ப்பு என்று. 2008 அக்டோபர் 2-இல் நாடு முழுவதும் பொது இடங்களில் புகைபிடிக்கத் தடை வந்ததே, அதைக் கொண்டுவந்த மத்திய சுகாதார அமைச்சர் அன்புமணி ராமதாஸ். சாதிச் சங்கத்திலிருந்து வளர்ந்த கட்சி நாட்டுக்கே ஒரு சுகாதார விதியைத் தந்தது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அகலமானதால் அடி மறைந்துவிடவில்லை. 2021-இல் வன்னியருக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும், 1952-இல் கேட்ட அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

என் தாத்தா இத்தனை வருஷத்தில் உழைப்பாளர் கட்சி, காங்கிரஸ், திமுக, அப்புறம் எம்ஜிஆர் என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஒருநாளும் தான் மாறியதாக அவர் நினைத்ததில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் திண்ணையில் உட்கார்ந்து அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நம்ம தெருப் பையன் எவனாவது ஆபீஸ்ல நாற்காலி போட்டு உட்கார்ந்தானா?" அவர் மதிப்பு நகரவே இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டியைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார். லட்சக்கணக்கான தாத்தாக்கள் வண்டி மாறும்போது வண்டிக்காரர்களும் பாதையை மாற்றத்தான் செய்வார்கள்.

ஒரே காலத்திலேயே இடத்துக்கு இடம் மாறுகிற கொள்கையும் உண்டு, அதை எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினாலே பார்க்கலாம். பாண்டியிலிருந்து கடலூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி கடலூருக்குள் நுழையும்போது ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி, போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறிப் பைகளைத் தட்டிப் பார்ப்பார், பாட்டில் இருந்தால் ஆளை இறக்கிவிடுவார். மதுவிலக்கு காங்கிரஸின் மிகப் பழைய மதிப்புகளில் ஒன்று, காந்தியிடமிருந்து வந்தது. 1948-க்குள் சென்னை மாகாணம் முழுக்க அதைக் கொண்டுவந்தது காங்கிரஸ் அரசு. அதே காங்கிரஸ் பாண்டியில் பல வருஷம் ஆண்டிருக்கிறது, கடைகள் திறந்தேதான் இருந்தன. ஏன் என்றால், பிரெஞ்சுக் காலத்திலிருந்தே இந்த ஊரில் மதுவிலக்கு கிடையாது, சின்னப் பிரதேசத்தின் கஜானாவுக்கு அந்த வரி பெரிய வரவு. ஒரு கட்சியின் மதிப்பும் அரசாங்கத்தின் வரவும் மோதினால் பெரும்பாலும் எது ஜெயிக்கும் என்று இதில் தெரிகிறது. தமிழ்நாட்டுப் பக்கமும் அப்படியே ஆனது, 1971-இல் திமுக அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, பிறகு மூடியது, எம்ஜிஆர் காலத்தில் மறுபடி திறந்தது, 2003-இல் அதிமுக ஆட்சியில் சில்லறை விற்பனையையே டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. மூன்று கட்சிகளின் பேச்சிலும் மதுவிலக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. எனக்கு இது வருத்தமான விஷயம், மறைக்க விரும்பவில்லை. மேடையில் இருந்துகொண்டு பட்ஜெட்டில் இல்லாத கொள்கை, மாறிப்போன கொள்கைதான், யாரும் அறிவிக்கவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

கட்சி நகராமலே இருந்து, கீழே இருக்கும் தரை நகர்ந்துவிடுவதும் உண்டு. பாண்டியில் கம்யூனிஸ்ட் கட்சியை வளர்த்தவை பஞ்சாலைகள். 1936 ஜூலை 30-இல் சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளிகள் இறந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே இங்கேதான் முதலில் என்று இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மில் சங்கு ஊதினால் முதலியார்பேட்டையில் கடிகாரமே தேவையில்லை என்பார்கள் அந்தக் காலத்து ஆட்கள். ஒவ்வொன்றாக மில்கள் நொடித்தன, கடலூர் சாலையில் இருந்த ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., 2020-இல் முழுசாக மூடப்பட்டது. அதன் திடலில் இப்போது பெரிய கட்சிகளின் பொதுக்கூட்டங்கள் நடக்கின்றன. 2021 சட்டமன்றத்தில் கம்யூனிஸ்ட்களுக்கு ஒரு இடமும் இல்லை. தொழிலாளிக்கு நியாயமான கூலி என்ற அவர்களின் பேச்சு மாறவில்லை. ஷிப்ட் முடிந்து ஒரே வாசல் வழியாக ஆயிரக்கணக்கில் வெளியே வரும் ஆட்கள்தான் இல்லை, அவர்களின் பேரப்பிள்ளைகள் ஹோட்டல்களிலும் டெலிவரி வண்டிகளிலும் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கிறார்கள்.

பாண்டிக்கு இன்னொரு தனிக் குணமும் உண்டு. 30 தொகுதி, ஒரு தொகுதிக்குச் சராசரியாக முப்பதாயிரத்துச் சொச்சம் வாக்காளர். வேட்பாளருக்கு வீடுவீடாக ஆளைத் தெரியும், கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் வந்து நிற்பார். அதனால் இங்கே கட்சியை விட ஆள் பெரிசு. ஃபரூக் மரைக்காயர் 1967-இல் 29 வயதில் காங்கிரஸ் முதலமைச்சர், 1969-இல் திமுக முதலமைச்சர், 1985-இல் மறுபடி காங்கிரஸ் முதலமைச்சர். ரங்கசாமி 2001-இல் காங்கிரஸ் முதலமைச்சர், 2011-இல் தன் சொந்தக் கட்சியான என்.ஆர். காங்கிரஸின் முதலமைச்சர், 2021-இல் பாஜகவோடு சேர்ந்து கூட்டணி முதலமைச்சர். ஓட்டுப் போட்டவர்களில் பலர் ஆளோடு சேர்ந்து நகர்ந்தார்கள். இப்படிப்பட்ட ஊரில் கட்சியின் அடி அடுக்கைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ரொம்ப மெல்லிசாக இருக்கும்.

இதெல்லாம் நம் ஊர் வழக்கம் மட்டும்தானோ என்றால் இல்லை. அமெரிக்காவில் அடிமை முறை பரவுவதை எதிர்த்து 1854-இல் உருவான கட்சி குடியரசுக் கட்சி, லிங்கன் அதன் ஆள். அடிமை முறையைக் காத்த தென் மாநிலங்கள் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. 1930-களில் ரூஸ்வெல்ட் காலத்தில் கறுப்பின வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சிப் பக்கம் வரத் தொடங்கினார்கள், 1964-இல் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அதே கட்சியின் ஜான்சன், அவரே தென் மாநிலமான டெக்சாஸைச் சேர்ந்தவர். தென் மாநில வெள்ளையர்கள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிக்குப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது வேகம். ஜனாதிபதித் தேர்தலில் முதலில் மாறினார்கள், நாடாளுமன்ற இடங்கள் பெரிய அளவில் மாற 1994 வரை ஆனது, உள்ளூர்ப் பதவிகள் அதற்கும் பின்னால். மேலே ஒரு கட்சிக்கும் கீழே இன்னொரு கட்சிக்கும் போட்டுக்கொண்டே ஒரு தலைமுறை ஓடிவிட்டது.

"சரி மாமா, இதெல்லாம் பழைய கதை, இப்ப நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். நான் அவளுக்குச் சொன்ன வழி இதுதான். ஒரு கட்சியை மொத்தமாகத் தூக்கிப் பார்க்காதே, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள். அந்தக் கட்சியின் மூன்று நான்கு தேர்தல் அறிக்கைகளை வரிசையாக வைத்து, அந்த விஷயம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, எந்த வருஷம் பின்பக்கத்துக்குப் போனது, எந்த வருஷம் காணாமலே போனது என்று பார். புதிதாக வந்த வாக்குறுதியை அவர்களே சத்தமாகச் சொல்லிவிடுவார்கள், எடுத்துவிட்டதை யாரும் சொல்ல மாட்டார்கள், அதை நாம்தான் தேட வேண்டும். அடுத்து, அவர்கள் ஆட்சியில் இருந்த வருஷங்களின் பட்ஜெட்டில் அதற்குப் பணம் ஒதுக்கினார்களா என்று பார். கடைசியாக வேட்பாளர் பட்டியல். எந்தத் தெரு ஆட்களுக்கு சீட் போகிறது, எந்தத் தொழில்காரர்களுக்குப் போகிறது, இருபது வருஷத்துக்கு முன்னால் யாருக்குப் போனது. கட்சி இப்போது யாருக்குப் பதில் சொல்கிறது என்பது மேடைப் பேச்சை விடப் பட்டியலில் சீக்கிரம் தெரியும்.

அவள் யூனியன் பிரதேசமான பாண்டிக்கு முழு மாநில அந்தஸ்து என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பாண்டியில் அதைக் கேட்காத கட்சியே இல்லை, சட்டமன்றத்தில் பலமுறை தீர்மானமும் போட்டிருக்கிறார்கள். ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டு, எந்தக் கட்சி எந்த வருஷம் கேட்டது, அப்போது டெல்லியில் யார் ஆட்சி, இந்தக் கட்சி அவர்களோடு கூட்டணியில் இருந்ததா, இருந்தபோது என்ன செய்தது என்று எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதல் மூன்று பத்தி சீக்கிரமே நிரம்பிவிட்டது. நாலாவது பத்திக்காக அடுத்த சனிக்கிழமை ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய்ப் பழைய பேப்பர் பார்க்க வேண்டும், நீங்களும் வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள்.